கிரேக்க நீதிப் பாடல், எதிரே லத்தீன்: மறுமலர்ச்சிக் கால அச்சுத் தொகுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் புத்தகங்களைப் பற்றிய பக்கம் இது?

1490-களில் தொடங்கி ஏறக்குறைய 1620-கள் வரை இத்தாலி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய நாடுகளில் அச்சான தொகுப்புகளைப் பற்றியது. பழைய கிரேக்கக் கவிஞர்கள் எழுதிய (அல்லது எழுதியதாக நம்பப்பட்ட) நீதிப் பாடல்களைத் திரட்டி, பெரும்பாலும் லத்தீன் மொழிபெயர்ப்போடு சேர்த்து வெளியிட்டார்கள். ஒரு நீதி வரிக்குக் கிரேக்கத்தில் 'க்னோமே' என்று பெயர். அதனால் இந்தக் கவிஞர்களை 'க்னோமிக் கவிஞர்கள்' என்று ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் புழங்கிய புத்தகங்கள் என்பதால் இவற்றை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கோ அந்தக் காலத்து ஐரோப்பா கிரேக்கம் கற்றுக்கொண்ட விதத்தை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் புத்தகங்கள் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

உள்ளே யாருடைய பாடல்கள் இருக்கும்?

தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஆனால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் தியோக்னிஸ். மெகாரா ஊர்க்காரர், கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. கிர்னோஸ் என்ற இளைஞனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புத்தி சொல்வார். நட்பு, பணம், மது, துரோகம், வறுமை என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். இன்று அவர் பெயரில் ஏறக்குறைய 1,400 அடிகள் இருக்கின்றன. எல்லாம் அவருடையவை அல்ல. சோலோன், மிம்னெர்மோஸ் போன்றவர்களின் அடிகளும் நடுவே கலந்து கிடக்கின்றன.

அடுத்தது பித்தாகரஸ் பெயரில் வழங்கும் 'பொன் வரிகள்'. மொத்தமே 71 அடிகள். முக்கோணத் தேற்றத்துக்குப் பெயர் கொடுத்த அதே பித்தாகரஸ்தான், ஆனால் இதை அவர் எழுதவில்லை. அவர் வழி வந்தவர்கள் பிற்காலத்தில் கட்டியது. தூங்கப் போகுமுன் அன்றைய நாளை மூன்று முறை மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் ஒரு பகுதி இதில் உண்டு: "எங்கே தவறினேன்? என்ன செய்தேன்? செய்ய வேண்டியதில் எதைச் செய்யாமல் விட்டேன்?" இந்த வகைப் பாடல்கள் அத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்த அடி இதுதான்.

மூன்றாவது ஃபோகிலிடீஸ். அவருடைய கதை பெரியது, கீழே தனியாக வருகிறது.

இவர்களோடு ஹெசியோடின் 'வேலைகளும் நாட்களும்', சோலோன், டிர்டேயோஸ், சிமோனிடீஸ் ஆகியோரின் துண்டுகள், ஏழு ஞானிகளின் மொழிகள் எல்லாம் சேரும். கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியர் மெனாண்டர் பெயரில் வழங்கும் ஒற்றை வரிகளும் உண்டு. நாடக வரிகளும் அவற்றைப் போலக் கட்டிய வரிகளும் அதில் கலந்திருக்கும். ஆத்திச்சூடி மாதிரி ஒரு வரிக்கு ஒரு நீதி, முதலெழுத்தை வைத்து அகரவரிசை. மனப்பாடம் செய்வதற்கென்றே அமைந்தது.

முதன்முதலில் இவை அச்சானது எங்கே?

இதில் ஒரு வேடிக்கை, 'பொன் வரிகள்' கிரேக்கத்தில் அச்சாகும் முன்பே லத்தீனில் அச்சாகிவிட்டது. 5ஆம் நூற்றாண்டின் ஹியரோக்ளீஸ் அதற்கு எழுதிய உரையை ஜொவான்னி அவுரிஸ்பா லத்தீனில் பெயர்த்திருந்தார். அது 1474இல் பாதுவாவில் வெளிவந்தது. கிரேக்க ஒற்றை வரிகள் 1490-களின் நடுவில் ஃப்ளாரன்ஸில் வந்தன. யானுஸ் லஸ்காரிஸ் பதிப்பித்தார், லொரென்சோ தெ அலோபா அச்சிட்டார், முழுக்க முழுக்க 'கேப்பிட்டல்' எழுத்துகளில். கல்வெட்டைப் படிப்பது போல இருக்கும்.

அப்புறம்தான் வெனிஸில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ் வருகிறார். 1496 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட தியோக்ரிடஸ் தொகுப்பின் பின்பகுதியில் தியோக்னிஸ், பொன் வரிகள், ஃபோகிலிடீஸ், ஒற்றை வரிகள், ஹெசியோட் எல்லாம் இருந்தன. தியோக்னிஸ் முதன்முதலில் அச்சேறியது அதில்தான். நூலகப் பட்டியல்களில் 1495, 1496 என்று இரண்டு ஆண்டுகளையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். வெனிஸில் அப்போது மார்ச் 1இல்தான் புத்தாண்டு. பிப்ரவரி பழைய ஆண்டின் கணக்கில் சேரும்.

அதே தொகுப்பில் 'கேட்டோ' பெயரிலான ஈரடிகளும் உண்டு. கேட்டோ லத்தீன் நீதிநூல் ஆயிற்றே, கிரேக்கத் தொகுப்பில் அதற்கென்ன வேலை? 13ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத் துறவி மாக்சிமோஸ் பிளனூடீஸ் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தார். லத்தீன் கேட்டோ ஐரோப்பியப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். பொருள் ஏற்கனவே தெரியும் என்பதால் கிரேக்கத்தில் படிக்கும்போது பாதிச் சுமை குறைந்துவிடும்.

பாரிஸ் இன்னும் சுவையானது. அந்த நகரத்தில் அச்சான முதல் கிரேக்கப் புத்தகமே நீதித் தொகுப்புதான். பிரான்சுவா திஸார் பதிப்பிக்க, ஜில் தெ கூர்மோன் 1507 ஆகஸ்ட் 12 அன்று அச்சிட்டு முடித்தார். கிரேக்க நெடுங்கணக்கு, வாசிக்கும் விதிகள், ஏழு ஞானிகள், பொன் வரிகள், ஃபோகிலிடீஸ் என்று வரிசை போகிறது. அ, ஆ முடிந்த கையோடு நீதி வரி.

ஹோமர் இருக்க, ஏன் நீதிப் பாடலிலிருந்து தொடங்கினார்கள்?

ஹோமர் நீளம், சொற்களும் கடினம். நீதி வரி அப்படியல்ல, ஒரு வரியில் ஒரு வாக்கியம் முடிந்துவிடும். இலக்கணம் சொல்லிக்கொடுக்க அவ்வளவு போதும், அன்றைய பாடத்தை அன்றே முடித்துவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கிறிஸ்தவப் பெற்றோருக்கும் பாதிரியார்களுக்கும் கிரேக்கக் கடவுள்களின் காதல் கதைகள் உறுத்தின. நீதிப் பாடலில் அந்தத் தொல்லை குறைவு. 4ஆம் நூற்றாண்டின் புனித பசிலியார், இளைஞர்கள் கிரேக்க இலக்கியத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதிய சிறு நூலில் ஹெசியோடையும் தியோக்னிஸையும் சாட்சிக்கு அழைக்கிறார். லியனார்தோ புரூனி 1400-ஐ ஒட்டி அதை லத்தீனில் பெயர்த்ததும் அது எங்கும் பரவியது. கிறிஸ்தவரல்லாத கவிஞர்களைப் பள்ளிக்குள் கொண்டுவர விரும்பிய ஆசிரியர்களுக்கு அது ஒரு அனுமதிச் சீட்டு.

லத்தீன் எதற்கு? யாருக்காக?

பள்ளிக்கு வரும் பையனுக்கு வீட்டு மொழி ஜெர்மன், பிரெஞ்சு என்று எதுவாகவும் இருக்கலாம். பள்ளி மொழி லத்தீன். பாடம், தேர்வு, விவாதம், கடிதம் எல்லாம் அதில்தான். ஆக, கிரேக்கத்தை விளக்க எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி அது. அகராதியும் கிரேக்க–லத்தீன் அகராதிதான். ஆசிரியருக்கும் அது தேவைப்பட்டது. சின்ன ஊர்ப் பள்ளியில் கிரேக்கம் நடத்த வந்தவர் தானே அரைகுறையாகக் கற்றவராக இருக்க வாய்ப்பு உண்டு.

பக்கத்தில் இரண்டு மொழிகளையும் எப்படி வைத்தார்கள்?

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என எதிரெதிராக வைத்தார்கள். அல்லது ஒரே பக்கத்தை இரண்டு பத்திகளாகப் பிரித்தார்கள். கிரேக்கத்தை முழுதாக அச்சிட்டுவிட்டு லத்தீனைக் கடைசியில் சேர்த்தவர்களும் உண்டு.

ஆல்டஸின் சில புத்தகங்களில் நல்ல தந்திரம் ஒன்று இருக்கிறது. லத்தீன் தாள்களைத் தனியாக அச்சிட்டு, வேண்டுமானால் கிரேக்கத் தாள்களுக்கு நடுவே கோத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று வாங்குபவரிடமே விட்டுவிட்டார். அக்காலத்தில் புத்தகம் பெரும்பாலும் கட்டப்படாத தாள்களாகவே விற்கப்பட்டது. கட்டிக்கொடுப்பவரிடம் சொன்னால் விரும்பியபடி செய்து தருவார். ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'பாதியைக் காணோமே' என்று பதறுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல்லா, செய்யுளா?

இரண்டும் உண்டு. ஆல்டஸ் 1501-ஐ ஒட்டி வெளியிட்ட லஸ்காரிஸ் இலக்கண நூலில் (இவர் கான்ஸ்டன்டைன் லஸ்காரிஸ், வேறு ஆள்) பொன் வரிகளும் ஃபோகிலிடீஸும் இணைப்பாக வருகின்றன. எதிரே உள்ள லத்தீன், சொல்லுக்குச் சொல் பெயர்த்தது என்று புத்தகமே அறிவிக்கிறது. லத்தீனாகப் படித்தால் தடுக்கும். அதன் நோக்கம் அழகு இல்லை; எந்தக் கிரேக்கச் சொல்லுக்கு எந்த லத்தீன் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக.

செய்யுளாகப் பெயர்த்தவர்கள் வேறு ரகம். ஹென்றி எஸ்தியன் 1569இல் வெளியிட்ட கிரேக்க நகைச்சுவை நாடக நீதி வரிகளின் தொகுப்பில் லத்தீனும் செய்யுள்தான். இங்கே லத்தீன் மூலத்துக்குச் சமமாக எழுந்து நிற்கப் பார்க்கிறது. செய்யுள் பெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு மூலத்தை விட்டு விலகும். அதனால் கிரேக்கம் கற்க வந்தவருக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பே நல்லது என்பது என் கருத்து.

லத்தீன் பெயர்ப்பு பொருளை மாற்றிவிட்டதா?

பல இடங்களில் மாற்றியிருக்கிறது. இரண்டு உதாரணம் போதும்.

ஒற்றை வரிகளில் புகழ்பெற்ற ஒன்று: கெட்ட 'ஹோமிலியா'க்கள் நல்ல ஒழுக்கத்தைக் கெடுக்கும். மெனாண்டரின் நாடக வரி இது, யூரிபிடீஸ் வரி என்றும் சொல்வார்கள். பவுல் தம் கொரிந்தியருக்கான முதல் கடிதத்தில் (15:33) இதை எடுத்தாள்கிறார். கிரேக்கத்தில் ஹோமிலியா என்றால் பழக்கம், சேர்க்கை, உறவாட்டம்; பேச்சும் அதில் அடக்கம். லத்தீன் விவிலியம் அதை 'கொல்லோக்வியா' ஆக்கியது. அது வெறும் பேச்சு. தமிழின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பிலும் "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்றுதான் இருக்கிறது. கூடா நட்பைப் பற்றிய வரி, கூடாத பேச்சைப் பற்றிய வரியாகச் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் இந்த வசனத்தை ஒப்பித்த எத்தனையோ தமிழர்கள், தெரியாமலே ஒரு கிரேக்க நாடக வரியை ஒப்பித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தியோக்னிஸின் 'நல்லவர்', 'கெட்டவர்'. "நல்லவர்களிடம் நல்லதைக் கற்பாய், கெட்டவர்களோடு கலந்தால் இருக்கிற புத்தியும் போய்விடும்" என்ற அவருடைய ஈரடி பிளேட்டோ, செனஃபோன் காலத்திலேயே மேற்கோளாகிவிட்டது. ஆனால் மெகாராவில் ஆட்சி கைநழுவிப்போன பழைய குடும்பத்துக்காரர் தியோக்னிஸ். அவர் 'நல்லவர்' என்பது பெரும்பாலும் உயர்குடியினரை. 'கெட்டவர்' என்பது புதிதாகப் பணம் சேர்த்த மற்றவர்களை. லத்தீனில் 'போனி', 'மாலி' என்று பெயர்த்து வகுப்பில் நடத்தும்போது அந்தக் குடிப்பெருமையும் கசப்பும் மங்கி, வெறும் ஒழுக்கப் பாடமாகிவிடுகிறது. விட்டன்பர்க்கில் மதச் சீர்திருத்தவாதி லூத்தரின் தோழர் மெலாங்க்தன் தியோக்னிஸை நடத்தியது இப்படி ஒழுக்க நூலாகத்தான். அவருடைய விளக்கங்களை யாகோப் ஹெர்டல் 1561இல் பாசலில் தியோக்னிஸ் பதிப்போடு சேர்த்து வெளியிட்டார். இதைப் பிழை என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஒரு தலைமுறை எதைத் தேடி இந்தப் பாடல்களிடம் வந்தது என்பது அந்த லத்தீன் பத்தியில்தான் தெரிகிறது. அதைத் தாண்டிக் குதித்துக் கிரேக்கத்தை மட்டும் படிப்பவர்கள் பாதிப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஃபோகிலிடீஸ் பாடல் போலி என்கிறார்களே?

ஆமாம். மிலேட்டஸ் ஊரில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஃபோகிலிடீஸ் என்ற கவிஞர் இருந்தது உண்மை. அவருடைய சில துண்டுகள் மட்டும் மிஞ்சின. ஆனால் இந்தத் தொகுப்புகளில் அவர் பெயரில் வரும் ஏறக்குறைய 230 அடிப் பாடலை எழுதியவர் ஒரு யூதர். கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடையில், பெரும்பாலும் அலெக்சாந்திரியாவில், நல்ல கிரேக்க யாப்பில் எழுதியிருக்கிறார்.

எப்படித் தெரியும்? தொடக்கமே பத்துக் கட்டளைகளின் சாயலில் இருக்கிறது. நடுவில் ஓர் இடத்தில், கூட்டிலிருந்து எல்லாப் பறவைகளையும் ஒன்றாக எடுக்காதே, தாய்ப்பறவையை விட்டுவிடு, அதனிடமிருந்து மறுபடி குஞ்சுகள் கிடைக்கும் என்கிறது. இது உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ள சட்டம். லேவியராகமம் 19-இன் எதிரொலிகளும் நிறைய. இறந்தவர்கள் மீண்டும் எழுவார்கள் என்ற நம்பிக்கையும் வருகிறது. அதே சமயம் ஓய்வுநாளைப் பற்றி ஒரு சொல் கிடையாது, சிலை வணக்கத்தைக் கண்டிக்கவும் இல்லை. கிரேக்க வேடம் கலையாமல் இருக்க வேண்டும் என்று அவ்வளவு கவனம்.

16ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களுக்கு இது தேன். மோசேயின் சட்டத்தை அறியாத ஒரு பழங்காலக் கிரேக்கன் அதே நீதியைச் சொல்கிறானே என்று வியந்து நடத்தினார்கள். ஜோசஃப் ஸ்காலிஜர் 1606இல் இது பழைய ஃபோகிலிடீஸ் அல்ல என்று எழுதினார். யாகோப் பெர்னாய்ஸ் 1856இல் யூத மூலத்தை விரிவாக நிறுவினார். போலி என்று தெரிந்த பிறகு பாடநூலிலிருந்து மெல்ல நழுவியது. எனக்கு அதில் வருத்தம்தான். இரண்டு மரபுகளையும் நெஞ்சில் சுமந்த ஒரு மனிதர் தம் பெயரையே விட்டுக்கொடுத்து எழுதிய பாடல் அது. பெயர் பொய்யானதால் பாடல் மோசமாகிவிடவில்லை.

அக்காலத் தியோக்னிஸ் முழுமையானதா?

இல்லை. இளைஞர்கள் மீதான காதலைப் பாடும் கடைசி 160 அடிகள் அளவிலான இரண்டாம் பகுதி ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கிறது. அது 1815இல்தான் இம்மானுவேல் பெக்கர் கையால் அச்சேறியது. மெலாங்க்தன் அதைப் பார்த்திருந்தால் தியோக்னிஸ் பள்ளிப் பாடமாகியிருப்பாரா என்பது சந்தேகம்.

மாணவர்கள் இவற்றை வைத்து என்ன செய்தார்கள்?

முதலில் மனப்பாடம். பிறகு இலக்கணப் பகுப்பு: இது என்ன வேற்றுமை, இந்த வினைக்கு வேர் என்ன. அதற்கடுத்து குறிப்பேடு. நட்பு, செல்வம், நாவடக்கம் என்று தலைப்பிட்டு, படிக்கும் இடத்தில் எல்லாம் கண்ட வரிகளை அதனதன் கீழ் எழுதி வைக்க வேண்டும். எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட சொல்வளம் பற்றிய நூலில் இந்த முறையை விரிவாகச் சொல்லிக்கொடுக்கிறார். பின்னால் கடிதமோ சொற்பொழிவோ எழுதும்போது அந்தக் குறிப்பேடுதான் கைமுதல். ஸ்கேன்களில் பல பிரதிகளின் ஓரங்களில் இந்த உழைப்பின் மை இன்னும் தெரிகிறது: வரிகளுக்கு இடையே லத்தீன் சொல், ஓரத்தில் தலைப்பு, நல்ல வரியைச் சுட்டும் ஒரு கை படம்.

குறிப்பிடத்தக்க பதிப்புகள் எவை?

என் தேர்வைச் சொல்கிறேன். பாசலில் 1551இல் யோவாக்கிம் காமெராரியஸ் வெளியிட்ட பள்ளித் தொகுப்பு. தியோக்னிஸோடு சோலோன், டிர்டேயோஸ், சிமோனிடீஸ் துண்டுகளையும் சேர்த்தது. பாரிஸில் 1553இல் அத்ரியன் துர்னெப் பதிப்பு. ஜெனீவாவில் 1569இல் ஜான் கிரெஸ்பன் உழவுப் பாடல், முல்லைப் பாடல், நீதிப் பாடல் மூன்றையும் லத்தீனோடு சேர்த்து வெளியிட்ட கைக்கடக்கப் புத்தகம். மெலாங்க்தனின் மாணவர் மிக்கேல் நேயாண்டர் தொகுத்து 1577இல் லைப்சிக்கில் வந்த 'பொன் நூல்'. இவர் இல்ஃபெல்ட் என்ற சிற்றூரில் ஒரே பள்ளியை 45 ஆண்டுகள் நடத்தியவர், அந்த அனுபவம் புத்தகத்தில் தெரியும். பாடத் திருத்தத்தில் கவனமானது ஃபிரீட்ரிக் சில்பர்க் 1591இல் ஃபிராங்ஃபர்ட்டில் வெளியிட்டது.

ஸ்டோபேயோஸ் இதில் சேர்த்தியா?

சேர்த்துத்தான் ஆக வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் ஸ்டோபி ஊர்க்காரர் யோவான் (ஊர்ப் பெயரால் ஸ்டோபேயோஸ்), தம் மகனுக்காகக் கவிதை, உரைநடை மேற்கோள்களைத் தலைப்புவாரியாகத் திரட்டினார். தொலைந்துபோன எத்தனையோ நாடகங்களின் வரிகள் அதில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. 1543இல் சூரிச்சில் கொன்ராட் கெஸ்னர் அதைக் கிரேக்க–லத்தீன் பதிப்பாகக் கொண்டுவந்தார். விலங்கியல் நூலால் பின்னால் புகழ்பெற்ற அதே கெஸ்னர், அப்போது 27 வயது. பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்டேன் தம் நூலக உத்திரங்களில் எழுதிவைத்த வாசகங்களில் பல ஸ்டோபேயோஸிலிருந்து எடுத்தவை.

அதிலுள்ள கவிதைகளை மட்டும் பிரித்தெடுத்து லத்தீன் செய்யுளாக்கியவர் டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ். 1619இல் நெதர்லாந்தில் ஆயுள் தண்டனை பெற்று லூவெஸ்டைன் கோட்டையில் அடைபட்டிருந்தபோது இந்த வேலையில் ஆழ்ந்தார். அவருக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்துபோகும். 1621 மார்ச்சில் மனைவி மரியாவின் யோசனைப்படி அந்தப் புத்தகப் பெட்டி ஒன்றுக்குள்ளேயே ஒளிந்து தப்பித்தார். தொகுப்பு 1623இல் பாரிஸில் வெளிவந்தது. சிறையில் இருப்பவன் அதிர்ஷ்டம் நிலையாது என்ற கிரேக்க வரியைப் பெயர்க்கும்போது அதில் பள்ளிப் பாட வாசனை இருக்காது. படித்துப் பாருங்கள்.

எழுத்து வாசிக்கவே முடியவில்லையே?

பழகினால் வரும். அக்காலக் கிரேக்க அச்சு கையெழுத்தைப் பின்பற்றியது. இரண்டு மூன்று எழுத்துகள் பின்னிக் கூட்டெழுத்தாக வரும். 1540-களில் கிரீட் தீவுக்காரர் ஆங்கெலோஸ் வெர்கிகியோஸின் கையெழுத்தைப் பார்த்து குளோட் காரமோன் வெட்டிய 'அரசரின் கிரேக்க எழுத்து' இந்தப் பாணியின் உச்சம். கூட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் பத்து வரி படித்தால், இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும்.

இன்று எங்கே பார்க்கலாம்?

வீட்டிலிருந்தே, இலவசமாக. மியூனிக்கின் பவேரிய அரசு நூலகம், பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிகா, சுவிஸ் அச்சு நூல்களுக்கான இ-ராரா ஆகிய மூன்று இணையதளங்களில் இவற்றில் நிறையக் கிடைக்கும். ஆசிரியர் பெயரை லத்தீன் வடிவத்தில் தேடுங்கள்.

லத்தீனும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. எங்கே தொடங்குவது?

பொன் வரிகளில். சின்னது, எந்த மொழியிலும் நல்ல பெயர்ப்பு கிடைக்கும். அதைப் படித்துவிட்டு லத்தீன் எதிரே உள்ள ஒரு பழைய பதிப்பைத் திறந்து 40ஆம் அடியிலிருந்து பாருங்கள். 42ஆம் அடியில் மூன்று கேள்விகள் அடுத்தடுத்து வரும். கிரேக்கத்தில் அந்தக் காலத்துக் கேள்விக்குறி நம் அரைப்புள்ளியைப் போல இருக்கும், லத்தீனில் நாம் இப்போது போடுவது போல. 'எங்கே தவறினேன்' எது என்று இரண்டு பத்தியிலும் விரல் வைத்துக் கண்டுபிடித்துவிட்டால், 1507இல் பாரிஸில் அந்த முதல் புத்தகத்தை வாங்கிய பையன் உட்கார்ந்த அதே பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள்.